நீலகிரி மருந்துக்கடைக்காரர்களுக்கு: எல்லாப் படைக்கும் அந்த ஒரே டியூப் வேண்டாம்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் வட்டங்களில் மருந்துக்கடை நடத்துகிறவர்களுக்கும், கவுண்டரில் நின்று மருந்து எடுத்துத் தருகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

தோலில் ஒன்று வந்தால் நம் மலையில் யாரும் முதலில் டாக்டரிடம் போவதில்லை. உங்களிடம்தான் வருகிறார்கள். அதில் தப்பும் இல்லை. பந்தலூர்ப் பக்கத்து எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து ஊட்டிக்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்த்துத் திரும்பினால் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு தனி. உங்கள் கடையில் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். "அண்ணா, அரிப்புக்கு ஒரு டியூப் குடுங்க" என்றதும் கை தானாக அந்த ஸ்டீராய்டு கலவை டியூப் இருக்கிற தட்டுக்குப் போகிறது. எந்த டியூப் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பெயர் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பெனி மட்டும் செய்கிற காரியமும் இல்லை அது.

நான் தேயிலை எஸ்டேட் டிஸ்பென்சரியில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள். எங்கள் அலமாரியில் படைக்கு விட்ஃபீல்டு களிம்பு, சொறிசிரங்குக்குப் பென்சைல் பென்சோயேட், அரிப்புக்குக் காலமைன் லோஷன், புண்ணுக்கு ஜென்ஷன் வயலட் இவ்வளவுதான் இருக்கும். ஒன்றுக்கு உள்ளதை இன்னொன்றுக்குப் போட முடியாது என்பதால், வந்திருப்பது என்ன என்று முதலில் பார்த்தே ஆக வேண்டும். இப்போதைய டியூபில் பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்பை அடக்க வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று எல்லாம் கலந்து வருகிறது. ஏதாவது ஒன்று பிடித்துக்கொள்ளும், எதற்குப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பும் கூடவே வந்துவிட்டது. அந்த நினைப்பால் நடப்பதைத்தான் சொல்ல வந்தேன்.

படர்தாமரையை எடுத்துக்கொள்வோம். வட்டமாக இருக்கும், ஓரம் மட்டும் மேடு தட்டிச் செதிலோடு இருக்கும், நடுவில் தோல் ஆறிப் பார்க்கக் கிட்டத்தட்ட சாதாரணமாக இருக்கும். ஓரம்தான் பூஞ்சை இருக்கிற இடம், அது வெளிப்பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். இடுப்பில் பிளாஸ்டிக் தாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க மழையிலும் வியர்வையிலும் கொழுந்து பறிக்கிற பெண்களுக்கு இடுப்புப் பட்டையிலும் தொடை இடுக்கிலும் இது வருவதில் ஆச்சரியம் இல்லை. கூடலூர் மழைக்காலத்தில் துணி காய்வதே இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டாலும் பாவாடை நாடா ஈரமாகவேதான் இருக்கும்.

இதற்கு அந்தக் கலவை டியூபைக் கொடுத்தால் இரண்டே நாளில் அரிப்பு நிற்கும், சிவப்பு மறையும். ஆள் சந்தோஷமாகத் திரும்பி வந்து "அது நல்லா கேக்குதுண்ணா, இன்னொண்ணு குடுங்க" என்பார். அரிப்பும் சிவப்பும் பூஞ்சையை எதிர்த்து உடம்பு போடுகிற சண்டையால் வருகிறவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையைத்தான் நிறுத்துகிறது. எதிர்ப்பு இல்லாத இடத்தில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். களிம்பை நிறுத்தினால் பழையபடி அரிக்கும், முன்பைவிட அகலமாக. மறுபடி போடுவார். சில மாதங்களில் வட்டத்துக்குள் வட்டம் வரும், ஓரம் மழுங்கிப்போகும், பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாது. தோல் டாக்டரே சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்ற நிலைக்கு வந்துவிடும்.

என்னிடம் ஒரு பிளஸ் டூ படிக்கிற பெண்ணைக் கூட்டிவந்தார்கள். இரண்டு தொடையின் உள்பக்கமும் தோல் மெலிந்து, விரல் அகலத்துக்குப் பள்ளம் பள்ளமாக ஊதா நிறக் கோடுகள். பிரசவமான வயிற்றில் இருக்குமே, அது. "அம்மா வாங்கி வந்த கிரீம்தான் சிஸ்டர், ஒரு வருஷமா போடறேன்" என்றாள். படை இன்னமும் அப்படியே இருந்தது. படைக்கு வைத்தியம் இருக்கிறது. அந்தக் கோடுகள் நாளடைவில் வெளுக்கும், ஆனால் முழுதாகப் போகாது. இதை அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு.

இன்னொரு சங்கடமும் சேர்ந்திருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து வருஷமாக நாடு முழுக்க ஒரு பிடிவாதமான பூஞ்சை சுற்றிக்கொண்டிருக்கிறது. 2020இல் அதற்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று தனியாகப் பெயர் வைத்தார்கள். முன்பு டெர்பினாஃபைன் மாத்திரை சில வாரம் சாப்பிட்டால் போய்க்கொண்டிருந்த படை, இதில் பல பேருக்கு அந்த மாத்திரைக்கு மசிவதே இல்லை. அரைகுறை வைத்தியமும் ஸ்டீராய்டும் சேர்ந்து இதற்கு நல்ல வசதி செய்து கொடுத்துவிட்டன. அதனால் சின்னதாக, புதிதாக ஒரு வட்டம் என்றால் ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக் களிம்பு மட்டும் கொடுங்கள். ஓரத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை வெளியே வரை போடச் சொல்லுங்கள். மறைந்த பிறகும் இரண்டு வாரம் போடச் சொல்லுங்கள். துண்டு, சீப்பு, உள்ளாடை தனித்தனியாக இருக்கட்டும். வெயில் இல்லையென்றால் துணியைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போடச் சொல்லுங்கள். பல இடத்தில் இருந்தாலோ, ஏற்கெனவே டியூப் டியூபாகப் போட்டிருந்தாலோ உங்கள் கடை மருந்து போதாது. அனுப்பிவிடுங்கள்.

டியூபைத் திருப்பிப் படித்தால் போதும். குளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளுசினோலோன் என்று எது எழுதியிருந்தாலும் ஸ்டீராய்டுதான். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதும் உங்களுக்குத் தெரியும். இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை 2018 மார்ச்சில் மத்திய அரசு ஷெட்யூல் எச் என்கிற, சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளின் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. பக்கத்துக் கடைக்காரர் கொடுக்கிறாரே, நான் கொடுக்காவிட்டால் ஆள் அங்கே போய்விடுவாரே என்பதுதானே உங்கள் கவலை? எல்லாக் கடைக்கும் சேர்த்து எழுதுவது அதனால்தான்.

ஸ்டீராய்டு விஷமும் இல்லை. குழந்தைக்குக் கன்னத்தில் கரப்பான் வந்து நீர் வடியும்போது, கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் தோல் தடித்துச் சொறிந்து சொறிந்து ரத்தம் கசியும்போது, மிதமான ஸ்டீராய்டைச் சில நாள் போடுவதுதான் சரியான வைத்தியம். டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து "ஐயோ, ஸ்டீராய்டா!" என்று பயமுறுத்தித் திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் உண்டு. அதுவும் வேண்டாம். கரப்பானுக்கு மருந்தைவிட எண்ணெய்ப் பசைதான் முக்கியம்: குளித்துத் துடைத்த ஈரம் போவதற்குள் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவ வேண்டும். ஊட்டியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து கிடக்கிறது என்று சலித்துக்கொண்டால், வெந்நீரில் பாட்டிலை வைக்கச் சொல்லுங்கள்.

வயதானவர்களுக்கு மார்கழி, தை மாதங்களில் முழங்காலுக்குக் கீழே தோல் பாளம் பாளமாக வெடித்து அரிப்பதும் எண்ணெய்ப் பசை இல்லாத கோளாறுதான். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, சோப்பை நாலு தரம் தேய்த்துக் குளிக்கிறார்கள். சோப்பைக் குறைத்து, வெந்நீரைப் பதமாக்கி, வாசலின் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும். அதற்கும் அந்த டியூபைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

குளிர் என்றதும் இன்னொன்று. சமவெளியில் படித்துவிட்டு வருகிற இளம் டாக்டர்கள்கூட இதைப் பார்த்து முழிப்பார்கள். ஊட்டியிலும் கேத்தியிலும் உறைபனி விழுகிற மாதங்களில், அதிகாலைக் குளிரில் ஈரக் கையோடு கேரட் அறுவடை செய்கிறவர்களுக்கும் கழுவுகிறவர்களுக்கும் கைவிரல், கால்விரல்களில் சிவப்பாகவோ ஊதாவாகவோ வீக்கம் வரும். எரியும், அரிக்கும். குளிர்பட்ட சில மணி நேரம் கழித்துத்தான் தெரியும் என்பதால் யாரும் குளிரோடு சேர்த்து யோசிப்பதில்லை. டாக்டர்கள் சில்பிளெயின் என்பார்கள். பூஞ்சையும் இல்லை, அலர்ஜியும் இல்லை. கையைக் காயவைத்து, உலர்ந்த கையுறை, காலுறை போட்டுக் கதகதப்பாக வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் விறைத்த கையை நேராகக் கும்முட்டி அடுப்பின் மேல் காட்டுவார்கள் பாருங்கள், அதுதான் இதைக் கிளப்பிவிடும். மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். விரல் கறுத்துப் புண்ணானாலோ, வெயில் காலத்திலும் வீக்கம் நிற்காமல் இருந்தாலோ டாக்டர் பார்க்க வேண்டும். உள்ளே வேறு நோய் இருக்கலாம்.

விரலிலேயே இன்னொரு ரகம் உண்டு: கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் இந்த மூன்றின் நுனி மட்டும் காய்ந்து வெடித்து வலிக்கும். அதுவும் இடது கையில். என்ன வேலை என்று கேளுங்கள், பூண்டு உரிக்கிறேன் என்பார்கள். வலது கையில் கத்தி, இடது கை மூன்று விரலில் பூண்டு. எந்தக் களிம்பு போட்டாலும் பூண்டை விடாதவரை ஆறாது. கையுறை போட்டாலும் பூண்டுச் சாறு மெல்லிய ரப்பரைத் தாண்டிவிடும். வேலையை மாற்றிக்கொள் என்று சொல்வது நமக்குச் சுலபம். கத்தியையாவது கையையாவது மாற்றிப் பிடித்தால் கொஞ்ச நாள் ஓட்டலாம்.

சொறிசிரங்குக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இரண்டு கேள்வியிலேயே பிடித்துவிடலாம். "ராத்திரி படுத்ததும் அதிகமா அரிக்குதா? வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா?" இரண்டுக்கும் ஆமாம் என்றால் கையை நீட்டச் சொல்லி விரல் இடுக்கைப் பாருங்கள், மணிக்கட்டைப் பாருங்கள், தொப்புளைச் சுற்றி இருக்கிறதா என்று கேளுங்கள். சின்னச் சின்னப் பொரியும், சில சமயம் தோலுக்குள் பூச்சி குடைந்து போன தடமாகக் கோணல்மாணலாக ஒரு மெல்லிய கோடும் தெரியும். பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ராத்திரி தடவிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. பெரியவர் ஒருவருக்கே ஏறக்குறைய 30 கிராம் வேண்டும். ஆறு பேர் இருக்கிற வீட்டுக்கு ஒரு டியூபைக் கொடுத்தால், அரிக்கிற இடத்தில் மட்டும் ஆளுக்குக் கொஞ்சம் பொட்டு வைப்பார்கள், பூச்சி ஒன்றும் ஆகாமல் சுற்றி வரும். வீட்டில் அரிப்பு இல்லாதவரும் அதே ராத்திரி தடவ வேண்டும். போர்வை, துணியெல்லாம் வெந்நீரில் அலச வேண்டும்; அலச முடியாததைப் பிளாஸ்டிக் பையில் கட்டி மூன்று நான்கு நாள் ஒதுக்கி வைக்கலாம். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிப்பு இருக்கும். இதைச் சொல்லாமல் விட்டால் மருந்து கேட்கவில்லை என்று அந்தப் பழைய டியூபுக்கே திரும்பிவிடுவார்கள். கைக்குழந்தை, கர்ப்பிணி என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். பிள்ளைகளுக்குச் சிரங்கு சீழ் கட்டி, சில வாரத்தில் முகம் வீங்கி, சிறுநீர் கட்டன் சாயா (பால் விடாத டீ) நிறத்தில் போனால் அது சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வெளுப்புத் திட்டுகளில் அவசரப்படாதீர்கள். மார்பிலும் முதுகிலும் சின்னச் சின்னதாக வெளிறிய புள்ளிகள், நகத்தால் லேசாகச் சுரண்டினால் தவிடு மாதிரிப் பொடி உதிர்ந்தால் தேமல். பூஞ்சை லோஷன் போதும், நிறம் திரும்பச் சில மாதம் ஆகும். பள்ளிப் பிள்ளைகளின் கன்னத்தில் மங்கலான வெளிறல் இருந்தால் "வயித்துல பூச்சி" என்று மாத்திரை கேட்பார்கள். பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வறண்ட தோல், எண்ணெய் தடவ வேண்டியதுதான். பால் வெள்ளையாக, செதில் இல்லாமல் இருந்தால் வெண்புள்ளி. அது ஒட்டாது, தொழுநோயும் இல்லை; சீக்கிரம் டாக்டரிடம் போனால் பலருக்கு நிறம் திரும்புகிறது.

அரிக்காத, தொட்டாலும் உணர்ச்சி தெரியாத வெளிறிய அல்லது செம்மையான திட்டு ஒன்றுதான் பயப்பட வேண்டியது, அது தொழுநோயாக இருக்கலாம். தேயிலை ஃபேக்டரியில் டிரையர் பக்கத்தில் வேலை பார்க்கிற ஒருவர், முன்கைத் திட்டுக்குத் தேமல் லோஷன் வாங்கி வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் திட்டின் நடுவிலேயே தீக்கொப்பளம் ஒன்று இருந்தது. எப்போது சுட்டது என்று கேட்டேன், தெரியவில்லை என்றார். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் திரித்து அங்கே தொட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்துத் தோலில் தொட்டதும் "இங்க" என்றார். அவ்வளவுதான் சோதனை, பேனா முனையாலும் செய்யலாம். தொழுநோய்க்கான கூட்டு மருந்தை அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தருகிறார்கள். 6 மாதம் அல்லது 12 மாதம் சாப்பிட்டால் குணமாகிவிடும். தாமதமானால் போவது நரம்பு, அது திரும்பாது. பொது சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையைத் தாண்டிவிட்டோம் என்று 2005 கடைசியில் நாடு எட்டிய இலக்கைக் கேட்டுவிட்டு, நோயே போய்விட்டது என்று நாமாக நினைத்துக்கொண்டோம்.

முழங்கை, முழங்கால், தலை, இடுப்பின் பின்பக்கம் ஆகிய இடங்களில் தடித்த திட்டும் வெள்ளிநிறச் செதிலும் இருந்தால் சொரியாசிஸ். பனிக்காலத்தில் கூடும். யாருக்கும் ஒட்டாது. அதைக் கடைக்கு வந்து நிற்கிற கூட்டத்தின் முன்னாலேயே சத்தமாகச் சொல்லுங்கள், அந்த மனுஷர் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கைமருந்தாகக் கொடுத்துவிடாதீர்கள். அதை நிறுத்தும்போது உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க்கொப்பளம் கிளம்பி உயிருக்கே வம்பாகும்.

திடீரென்று தடிப்புத் தடிப்பாகக் கிளம்பி அரிக்கிற காணாக்கடியைக் கண்டுபிடிக்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். ஒரு தடிப்பைச் சுற்றிக் கோடு போட்டு நாளைக்கு வரச் சொல்லுங்கள். 24 மணி நேரத்தில் கோட்டுக்குள் ஒன்றும் இல்லாமல் வேறு இடத்தில் கிளம்பியிருந்தால் காணாக்கடிதான், களிம்பே தேவையில்லை. தூக்கத்தை வரவைக்காத அலர்ஜி மாத்திரை போதும். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இழுத்தால் மட்டும் ஆம்புலன்ஸ்.

அக்கியைப் பற்றி நானும் உங்களோடு சண்டை போட வரவில்லை. ஒரு பக்கமாக, பட்டையாக, உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டாமல் கொப்பளம் வந்து எரிந்தால் ஜனங்கள் மேட்டுப்பாளையம் இறங்கிப் போய்க் காவியில் அக்கி எழுதிக்கொண்டு வருவார்கள். எழுதட்டும். ஆனால் வைரஸ் மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். வயதானவர்களுக்கு அந்த எரிச்சல் வலி மாதக்கணக்கில் நின்றுவிடும். டாக்டரைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறச் சொல்லுங்கள். மூக்கு நுனியிலோ கண் பக்கத்திலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டர்.

ஒன்றும் செய்ய வேண்டாத சமாச்சாரங்களும் நிறைய உங்களிடம் வருகின்றன. கன்னத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் பொரி, கழுத்தில் தொங்குகிற சதை, வயதான முதுகில் ஒட்டவைத்தது போன்ற பழுப்புத் திட்டு, மிளகு மாதிரிச் சின்னச் சிவப்புப் பொட்டு இதெல்லாம் கெடுதல் இல்லாதவை. ஆணிக்கால் மருந்தை அவற்றுக்கு விற்காதீர்கள், முகத்தில் குழி விழும். உள்ளங்காலிலோ நகத்துக்கடியிலோ புதிதாகக் கறுப்பு வந்து அகலமானாலும், எந்த மச்சமாவது ரத்தம் கசிந்தாலும் அனுப்புங்கள். கழுத்துப் பின்பக்கம் கறுத்துத் தடித்திருந்தால் தேய்த்துக் கழுவச் சொல்லாதீர்கள். அது அழுக்கு இல்லை. சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலோடு வருகிறவர் அக்குளிலோ இடுப்பு மடிப்பிலோ வலிக்காத கறுப்புப் பொருக்கு இருக்கிறது என்றால், அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். களிம்பு போட்டு அனுப்பிவிடாதீர்கள்.

முகத்து மங்குக்கு விற்கிற வெளுப்பு கிரீம்கள் தனிக் கதை. உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும். ஊட்டி 2200 மீட்டருக்கு மேல். குளிராக இருப்பதால் வெயில் சுடுவது தெரிவதில்லை. தொப்பி, முந்தானை, சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த கிரீமும் நிற்காது. அந்த கிரீம்கள் பலவற்றில் மொமெட்டசோன் இருக்கிறது. சில மாதம் போட்டால் முகம் சிவந்து, பரு கிளம்பி, முடி முளைத்து, நிறுத்தினால் எரியும், போட்டால்தான் அடங்கும் என்று ஆகிவிடுகிறது.

பாடப் படங்களை நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் எடுத்தவை. நம் தோலில் அழற்சி பளிச்சென்று சிவக்காது. ஊதா, பழுப்பு, சாம்பல் என்று இருக்கும். தொட்டுப் பார்த்தால் சூடும் மேடும் தெரியும். டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்காமல் வாசலுக்குக் கூப்பிட்டுப் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். எத்தனை நாளாக, ராத்திரி அதிகமா, வீட்டில் வேறு யாருக்கு, இதற்கு முன் என்ன போட்டீர்கள் என்று கேட்டுவிட்டு மருந்தை எடுங்கள். ஸ்டீராய்டு கொடுத்தால் அதன் பெயரைப் பில்லில் எழுதுங்கள். அடுத்து பார்க்கப் போகிற டாக்டருக்கு எத்தனையோ உதவி அது. "ஏதோ வெள்ளை டியூப்" என்றுதான் இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். பெண்கள் தொடை இடுக்கைக் காட்ட மாட்டார்கள், கவுண்டரில் ஆண்கள் நிற்கும்போது கேட்கவும் மாட்டார்கள். கடையில் பெண் ஊழியர் இருந்தால் அவரை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் அனுப்புங்கள்.

உங்கள் வட்டாரச் சங்கக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நம் ஊர்த் தோலில் எடுத்த படங்களோடு வந்து காட்டத் தயாராக இருக்கிறேன். ஊர், பெயர் எதுவும் தெரியாதபடி, ஆட்களைக் கேட்டுக்கொண்டுதான் எடுத்தவை. சந்தை நாளில் மட்டும் வைக்காதீர்கள், அன்றைக்கு உங்களுக்கும் நேரம் இருக்காது, எனக்கும் பஸ்ஸில் இடம் கிடைக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற எஸ்டேட் செவிலியர்,
கோத்தகிரி